மஞ்சள் மூன்று

எவ்ஷெனின் பிஸ்டல் மேகசினைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். மணல் உதிரவில்லை. சேறாக வழிந்தது.

“உள்ள எண்ணெய் விட்டியா?”

“லேசா.”

“லேசான்னா?”

“பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைங்களுக்குச் சமைக்கிறவன் லேசான்னா எவ்வளவு விடுவானோ, அவ்வளவு.”

பக்கத்தில் தன் பையின் மேலேயே உட்கார்ந்திருந்த ஹெத்விகா சிரித்தாள். “அப்படியே உருளைக்கிழங்கையும் சீவிப் போடு. மத்தியானச் சாப்பாடு ஆச்சு.”

“சிரிங்கடி, சிரிங்க. அடுத்த களத்துல நான் பறக்கப்போறேன் பாருங்க.”

பறக்கவில்லை. அடுத்த களத்தில் மூன்றாவது குண்டிலேயே அவனுடைய பிஸ்டல் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டது. எண்ணெயில் ஒட்டிய மணல், ஸ்பிரிங்கை அசையவிடவில்லை. அவன் சொன்ன கெட்ட வார்த்தைகளை நடுவர் த்ராஹோஷ் காதில் வாங்காதவர்போல மேகத்தைப் பார்த்தார்.

செக் நாட்டில் ஒலொமோட்ஸ் நகருக்கு வடக்கே, யாரும் மணல் அள்ளாத பழைய மணற்குழி ஒன்றில்தான் எங்கள் போட்டிகள் நடக்கும். இது நின்ற இடத்தில் நின்று சுடுகிற விளையாட்டு இல்லை. பலகைச் சுவர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டே, அட்டை இலக்குகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். தோட்டாக்கள் அடுக்கிய சிறு பெட்டிதான் மேகசின்; அது தீர்ந்ததும் கைப்பிடிக்குள்ளிருந்து விழவிட்டு, இடுப்பிலிருந்து அடுத்ததை உருவிச் செருக வேண்டும். விழுந்தது மணலில் கிடக்கும். குனிந்து பார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. அன்று காலைவரை மழை வேறு. ஒவ்வொரு களம் முடிந்ததும் ஈர மணல் அப்பிய மேகசின்களைப் பொறுக்கி எடுக்கும்போது, கடற்கரையில் சிப்பி பொறுக்குவது போல இருந்தது.

வெளியாட்கள் எங்கள் பிஸ்டலைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பார்ப்போம். அங்கே தொங்கும் மேகசின்களைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். நான் முதல் வருடம் ஒரு சந்தைக் கடையில் பாதி விலைக்கு நகல் மேகசின்கள் வாங்கினேன். கோடை முடிவதற்குள் அவற்றின் ஸ்பிரிங்குகள் வயதானவர்களின் முழங்கால் மாதிரி ஆகிவிட்டன. பிறகு பிஸ்டல் செய்த கம்பெனியின் மேகசின்களுக்கே போனேன். அதிலும் கடைக்காரர் நீட்டியதை அப்படியே வாங்குவதில்லை. பத்தை மேசையில் வைக்கச் சொல்வேன். ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் தூக்கி, மேல்வாயின் இரண்டு உதடுகளும் ஒரே அளவில் வளைந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். தோட்டாக்களை மேலே தள்ளுகிற தட்டைக் கட்டைவிரலால் அடிவரை அழுத்தி விடுவேன். தயங்காமல் துள்ளி எழ வேண்டும். பாதி வழியில் யோசிக்கிற தட்டு எனக்கு வேண்டாம்.

“கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு பாத்துருக்க மாட்டே,” என்பாள் ஹெத்விகா.

“அதான் அது நிக்கல,” என்பேன்.

அப்படித் தேர்ந்தெடுத்தவைதான் என் ஐந்து மேகசின்கள். அடிமூடியில் மஞ்சள் பெயின்ட்டால் ஒன்று முதல் ஐந்துவரை எண் எழுதியிருந்தேன். எண் எதற்கு என்றால், ஒன்று தகராறு செய்தால் எது என்று தெரிய வேண்டும். ஹெத்விகாவிடமும் அதே பிஸ்டல், அதே மேகசின், அதே ஐந்து. அவளுடையது பச்சை.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தடவை சிக்கிய மேகசின் பயிற்சிப் பைக்குள் போகும். இரண்டாம் தடவை சிக்கினால் பூட்ஸ் குதிகாலுக்கு அடியில் போகும். குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள் என்பதால், எல்லோர் முன்னாலும் மிதித்து நசுக்கிவிட வேண்டும்.

என் மஞ்சள் மூன்று, வசந்தத்தில் கான்கிரீட் தரையில் தலைகுப்புற விழுந்தது. வலது உதட்டில் ஓர் அரிசிமணி அளவுக்கு நெளிவு. அதன்பிறகு இரண்டு முறை சிக்கியது. தோட்டா நேராக ஏறாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அன்றே மிதித்திருக்க வேண்டும். ஆனால் என் முதல் கோப்பையைக் கடைசி இரும்புத் தட்டில் வாங்கிக் கொடுத்தது அதுதான். ஸ்பிரிங் மாற்றினால் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பைக்குள் வைத்தேன். சில நாட்கள் டிராம் ஓட்டும்போது அதைக் கோட்டுப் பைக்குள் வைத்திருப்பேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கட்டைவிரல் தானாக அந்த நெளிவைத் தேடிப் போகும், உடைந்த பல்லை நாக்கு தேடுவதுபோல.

அந்தப் போட்டி எனக்கும் ஹெத்விகாவுக்கும் வெறும் போட்டி இல்லை. செப்டம்பரில் ஐரோப்பியப் போட்டி. பெண்கள் அணியில் நான்கு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது ஆள் நாங்கள் இருவரில் ஒருத்தி. அன்று யார் மேலே முடிக்கிறாளோ அவள் போவாள். ஆறு வருடம் இதற்காக என் சனிக்கிழமைகளை இந்த மணலில் கொட்டியிருந்தேன். அவளும்தான்.

மத்தியான இடைவேளையில், கடைசிக் களம் ஒன்றுதான் பாக்கி. பலகையில் இருந்த புள்ளிகளில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு தலைமுடிகூட நுழையாது.

“இன்னைக்கு சுத்தம் பண்றது உன் முறை,” என்றாள் ஹெத்விகா. போட்டியாளர்கள்தான் என்றாலும் மேகசின் துடைப்பதில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒரு போட்டியில் அவள் எல்லாவற்றையும் துடைப்பாள், அடுத்ததில் நான். மற்றவள் சாப்பாடு வாங்கி வருவாள்.

“கடுகு சாஸ் நிறைய வைக்கச் சொல்லு. ரொட்டி கருகாம.”

“உத்தரவு மகாராணி. ஒன்னைக்கூட விட்டுடாதே, எல்லாத்தையும் துடை. போன தடவை என் நாலுல பாதி மணற்குழி இருந்துச்சு.”

காரின் பின்கதவைத் திறந்து துண்டை விரித்தேன். அவளுடைய ஐந்தையும் என் ஐந்தையும் கொட்டினேன். பயிற்சிப் பையிலிருந்த மஞ்சள் மூன்றும் அந்த ஐந்தில் ஒன்றாக வந்து விழுந்தது. காலையில் போட்டிக்கு முன் கை பழக அதைத்தான் பயன்படுத்தியிருந்தேன், அதிலும் மணல். அடிமூடிகளைக் கழற்றி ஒரு பக்கம், ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம், வெறும் கூடுகள் ஒரு பக்கம். கூடுகளுக்குள் காய்ந்த துணியைக் குச்சியில் சுற்றி விட்டு இழுத்தேன். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை. சூரியன் மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பத்துக் கறுப்புக் கூடுகளும் வரிசையாகப் பளபளத்தன. சின்னச் சின்னக் கட்டடங்கள், மனிதர்களே இல்லாத ஒரு நகரம். அதன் தெருக்களில் என் விரல்கள் நடந்தன. அப்படியே திரும்ப மாட்டினேன். மஞ்சள் மூடி ஐந்து, பச்சை மூடி ஐந்து. மஞ்சள் மூன்றைத் திரும்பப் பயிற்சிப் பையில் போட்டேன்.

நான் செய்த காரியம் அப்போது எனக்குப் புரியவில்லை. ஹெத்விகா சுடச்சுட சாசேஜுடன் வந்தாள், சாப்பிட்டோம். டம்ளர் அடியில் தூள் தங்கிய காபியைக் குடித்தோம். மேகசின்களை நிரப்பி இடுப்பில் மாட்டிக்கொண்டோம்.

கடைசிக் களம் நீளமானது. மூன்று சுவர், ஒரு சிறு பாலம், முடிவில் ஆறு இரும்புத் தட்டுகள். எவ்ஷென் என் மேகசின் ஒன்றைக் கடன் வாங்கலாமா என்று கேட்டான்.

“எண்ணெயோடவா, எண்ணெய் இல்லாமலா?” என்றேன்.

“போதும் தாயே. என் விதிப்படி நடக்கட்டும்.”

ஹெத்விகாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு தொடக்கக் கோட்டுக்கு நடந்தாள். அடுத்து நான். உள்ளங்கை வியர்த்தது. துடைக்கத் துணி எடுக்கலாம் என்று பைக்குள் கையை விட்டேன். கைக்கு மஞ்சள் மூன்று தட்டுப்பட்டது. கட்டைவிரல் பழக்கத்தில் வலது உதட்டைத் தடவியது.

நெளிவு இல்லை.

வெளியே எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் பெயின்ட், என் கையெழுத்தில் மூன்று. மேல்வாய் புத்தம்புதிதாக, மழமழவென்று இருந்தது. ஒரு கணம் அது தானாகக் குணமாகிவிட்டது என்றே நம்பினேன். நம்பப் பிடித்திருந்தது. அடுத்த கணம் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். எண் அடிமூடியில் இருக்கிறது. நெளிவு கூட்டில் இருக்கிறது. நான் பத்து மூடிகளையும் ஒன்றாகக் கழற்றியிருக்கிறேன்.

இடுப்புக்குப் பாய்ந்தது கை. ஒன்று, சரி. இரண்டு, சரி. நான்கு. ஐந்து. எல்லாம் வழவழப்பு. அப்படியானால் அது பச்சை மூடி போட்டுக்கொண்டு ஹெத்விகாவின் இடுப்பில் இருக்கிறது.

“லோட் பண்ணித் தயாராகுங்க,” என்றார் த்ராஹோஷ்.

எங்கள் விளையாட்டில் இந்த வாக்கியத்துக்குப் பிறகு சுடுபவரிடம் நடுவரைத் தவிர யாரும் பேசக் கூடாது. பேசினால் உதவி செய்த கணக்கு. பத்துப் புள்ளி போகும். பேசியவருக்கும் போகலாம், கேட்டவருக்கும் போகலாம், நடுவர் விருப்பம். தலைமுடி நுழையாத இடைவெளியில் பத்துப் புள்ளி என்பது மணற்குழி அளவுக்குப் பெரியது.

ஹெத்விகா ஒரு மேகசினைச் செருகினாள். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்து விட்டாள். பிஸ்டலை உறைக்குள் வைத்தாள்.

சிக்காமலும் போகலாம். பத்தில் எட்டு முறை ஒழுங்காகத்தான் ஏறும். ஒருவேளை அது அவள் இடுப்பின் கடைசிப் பையில் இருக்கலாம், அவளுக்குத் தேவையே படாமல் போகலாம். சிக்கினால்கூட யாருக்குத் தெரியும்? அவள் பச்சை, அவள் மேகசின். மணல் மேல் பழி போடுவாள். செப்டம்பர், கடல், நாட்டின் கொடி தைத்த சட்டை எல்லாம் ஒரே மூச்சில் என் கண்முன் வந்து நின்றன. சட்டை எனக்குக் கச்சிதமாக இருந்தது.

“தயாரா?” என்றார் த்ராஹோஷ்.

ஹெத்விகா தலையசைத்தாள். தொடக்க ஒலி தரும் டைமர் அவளுடைய காதருகே உயர்ந்தது.

எட்டு வருடமாக டிராம் ஓட்டுகிறேன். தண்டவாளத்தில் எதையாவது பார்த்தால் கால் பிரேக்கை மிதித்த பிறகுதான் மூளை காரணம் கேட்கும்.

“நிறுத்துங்க!”

குழி முழுவதும் அந்தக் குரல் மோதித் திரும்பியது. என் குரல்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

த்ராஹோஷ் உறைந்தார். “அசையாதீங்க,” என்று ஹெத்விகாவிடம் சொல்லிவிட்டு, பிஸ்டலைக் காலி செய்யவைத்து, உறைக்குள் போகும்வரை காத்திருந்தார். பிறகுதான் திரும்பினார். “யாரு அது? யாருக்கு ஆபத்து?”

“யாருக்கும் ஆபத்து இல்ல,” என்றேன். ஹெத்விகாவின் இடுப்பைக் காட்டினேன். “அவ இடுப்புல என் மேகசின் ஒன்னு இருக்கு. கெட்டது. சிக்கும்.”

“ஆபத்து இல்லயா?”

“இல்ல.”

“அப்போ இது உதவி.” மனிதர் கொஞ்ச நேரம் கையிலிருந்த டைமரைப் பார்த்தார். அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. “அவங்க கேக்கல. அதனால அவங்களுக்கு ஒன்னும் இல்ல. உங்களுக்குப் பத்து, யித்கா. இந்தக் களத்துல கழியும்.”

“சரி.”

“சரியா? என்னடி சரி?” ஹெத்விகா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்திருந்தால் நான் ஏமாந்திருப்பேன். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. “பீப் அடிக்கப்போற நேரத்துல கத்துறே! என் நெஞ்சு இன்னும் தொண்டையில நிக்குது. கெட்ட மேகசினை எதுக்குடி என்னுதோட கலந்தே?”

“அடிமூடி மாறிடுச்சு.”

“மிதிச்சுத் தொலைச்சிருக்க வேண்டியதுதானே வசந்தத்துலயே! முத்தம் குடுத்துப் பையில வச்சுக்கிட்டியா?”

பின்னாலிருந்து எவ்ஷென், “நாங்கல்லாம் எண்ணெய்தான் விடுவோம். இவங்க காதலே விடுறாங்க,” என்றான். சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவளுடைய மேகசின்களை ஒவ்வொன்றாகத் தடவினேன். பச்சை இரண்டு. அரிசிமணி நெளிவு. இடுப்பின் இரண்டாவது பையில், பாலத்துக்கு முன்னால் அவள் நிச்சயம் உருவும் இடத்தில் இருந்தது. நான் என் பையிலிருந்த மஞ்சள் மூன்றை நீட்டினேன். “இது உன் கூடு. மூடி மட்டும் என்னோடது.”

பிடுங்கித் தோட்டா நிரப்பிக்கொண்டு போனாள். பச்சைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள்.

கோபம் ஹெத்விகாவுக்கு எப்போதும் நல்லது. அன்று அவள் ஓடிய ஓட்டத்தை இன்னும் கிளப்பில் பேசுகிறார்கள். சுவருக்குச் சுவர் தாவினாள். பாலத்துக்கு முன்னால் பழைய மேகசின் மணலில் விழுவதற்குள் மஞ்சள் மூன்று உள்ளே போய்விட்டது. ஒரு தோட்டாகூடத் தயங்கவில்லை. ஆறு தட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, வீட்டுக்குள் யாரோ கதவுகளைச் சாத்திக்கொண்டே போவதுபோல விழுந்தன. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், உள்ளங்கை எரியும்வரை.

பிறகு என் பெயர்.

பத்துப் புள்ளியைத் தலையில் சுமந்துகொண்டுதான் கோட்டுக்கு நடந்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் எதையுமே சுமக்கவில்லை. கொஞ்ச நேரம் முன்னால்தான் என் இடுப்பில் இருக்கும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்திருந்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, எது சிக்குமோ என்ற சின்னப் பயம் மூளையின் மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. அது இத்தனை நாளாக அங்கே உட்கார்ந்திருந்தது என்பதே அது எழுந்து போன பிறகுதான் தெரிந்தது.

பீப்.

முதல் சுவர். இடதுபக்கம் இரண்டு அட்டை, வலதுபக்கம் மூன்று. கால்கள் தானாக ஓடின. கட்டைவிரல் பொத்தானை அழுத்த, மேகசின் விழ, அடுத்தது ‘க்ளிக்’ என்று அமர்ந்தது. இரண்டாம் சுவரில் நிற்கவே இல்லை, நடந்துகொண்டே சுட்டேன். இதை நான் பயிற்சியில்கூடச் செய்ததில்லை. பாலம் காலுக்கடியில் அதிர்ந்தது. வழக்கமாகப் பாலத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரு தடவை மேகசின் மாற்றுவார்கள், மிச்சமிருப்பதை நம்பாமல். நான் மாற்றவில்லை. கூட்டத்தில் யாரோ “மாத்து! மாத்து!” என்று முனகியது கேட்டது. உள்ளே எத்தனை இருக்கிறது என்று தெரியும். அவை எல்லாம் வரும் என்றும் தெரியும். பாலத்துக்கு அப்பால் கடைசி அட்டையில் கடைசித் தோட்டா போய் உட்கார்ந்ததும் ஸ்லைடு திறந்து நின்றது. ஓட்டத்திலேயே மாற்றினேன். தட்டுகள் வந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறாவது மட்டும் ஒரு கணம் ஆடி யோசித்தது. பிறகு விழுந்தது.

காதுமூடியைக் கழற்றியபோது குழியே கத்திக்கொண்டிருந்தது. எவ்ஷென் தொப்பியை மேலே வீசிவிட்டு, அது சேற்றில் விழுந்ததைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான். த்ராஹோஷ் டைமரை இரண்டு தடவை பார்த்தார். “உங்களைவிட வேகமா இன்னைக்கு இங்க யாரும் போகல,” என்றார். பிறகு, கேட்கச் சகிக்காதவர்போல மெல்ல, “அந்தப் பத்தைக் கழிக்கணும்,” என்றார்.

“கழிங்க,” என்றேன். மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை.

புள்ளிகள் வருவதற்குள் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. பச்சை இரண்டிலிருந்து தோட்டாக்களை எடுத்து, மூடியையும் ஸ்பிரிங்கையும் கழற்றினேன். வெறும் கூட்டை மணலில் இருந்த தட்டைக் கல்லின் மேல் நிறுத்தினேன். கடைசியாக ஒரு தடவை நெளிவைத் தடவினேன். குதிகாலைத் தூக்கி இறக்கினேன். முதல் மிதியில் வளைந்தது. இரண்டாவதில் சப்பையானது. எல்லோரும் வழக்கப்படி ஓவென்று கத்தினார்கள்.

பலகையில் புள்ளிகள் ஏறின. ஹெத்விகா எனக்கு மூன்று புள்ளி மேலே.

கொஞ்ச நேரம் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடல் பின்வாங்கியது. சட்டை யாரோ ஒருத்தியின் தோளுக்குப் போனது. வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கால்கள் இன்னும் அந்தப் பாலத்தின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தன.

ஹெத்விகா பக்கத்தில் வந்து நின்றாள். பீட்ரூட் நிறம் போயிருந்தது. “நானும் கணக்குப் போட்டேன்,” என்றாள். “அந்தப் பத்து இல்லேன்னா நீதான் மேல.”

“அந்தக் கத்தல் இல்லேன்னா நீ பாலத்துக்கிட்ட சிக்கிட்டு நின்னுருப்பே.”

“சிக்காமலும் போயிருக்கலாம்.”

“போயிருக்கலாம்.”

“இதை நெனச்சே செப்டம்பர் வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. இதுக்குத்தானே கத்தினே, பிசாசே?”

“அப்படியே வச்சுக்கோ.”

நான் பச்சை இரண்டின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்த மஞ்சளைக் குடு. மூடியை மாத்தித் தரேன்,” என்றேன்.

அவள் இடுப்பிலிருந்து மஞ்சள் மூன்றை எடுத்தாள். மணலைச் சட்டையில் துடைத்தாள். தட்டை அடிவரை அழுத்தி விட்டாள். அது தயங்காமல் துள்ளி எழுந்தது. என்னிடம் தருவாள் என்று கையை நீட்டினேன். அவள் அதைப் பச்சைகளுக்கு நடுவே திரும்பச் செருகிக்கொண்டாள்.

“இது இப்படியே என்கூட வரும். அங்க முதல்ல இதைத்தான் செருகுவேன்.”

“யாராவது மஞ்சள் யாருதுன்னு கேட்டா?”

“சொல்றேன். இப்படி ஒரு கத்தல்காரி இருக்கா, அடுத்த வருஷம் வருவான்னு சொல்றேன்.” பிறகு காரின் பின்கதவைத் திறந்து, தன் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து என்னிடம் வீசினாள். “உக்காரு. மிச்சமிருக்கிற ஒம்பது கூட்டுலயும் எண்ணைக் கீறு. மூடியில இல்லடி, கூட்டுல! இன்னைக்கு உன் முறை இன்னும் முடியல.”

துண்டை விரித்தேன். எவ்ஷென் தன் எண்ணெய் மேகசின்களையும் சத்தமில்லாமல் ஓரத்தில் வைத்துவிட்டு நழுவப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவன் காலரைப் பிடித்தோம்.